தங்கி எழுதும் பட்டறை: நடத்தை விதி ஒரு பக்கம் எழுதியாயிற்று, இதற்கு மேல் என்ன வேண்டும்?

மைக்கூடு

நான்கு இரவு, ஐந்து பகல் தங்கி எழுதும் பட்டறை ஒன்றைத் திட்டமிடுகிறோம். பங்கேற்பாளர்கள் 12 பேர், பயிற்றுநர்கள் இருவர், ஒருங்கிணைப்புக்கு இருவர். காலையில் படைப்புகளை விவாதிப்பது, பிற்பகல் முழுக்கத் தனியாக எழுதுவது, மாலையில் வாசிப்பு. சிறுகதையும் தன்வரலாற்று எழுத்தும் கலந்து வரும். பாதிப் பேருக்கு மேல் இப்படி ஒன்றுக்கு முதல்முறையாக வருகிறார்கள்.

நடத்தை விதியில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: "அனைவரும் ஒருவரையொருவர் மதித்து நடக்க வேண்டும். தொல்லை தரும் நடத்தையைப் பொறுத்துக்கொள்ள மாட்டோம்." இது போதாது என்று தெரிகிறது, ஆனால் எதைச் சேர்ப்பது என்று பிடிபடவில்லை. விவாத அமர்வை எப்படி நடத்துவது, கனமான அனுபவத்தை எழுதுகிறவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது, புகார் வந்தால் முதலில் என்ன செய்வது, இந்த மூன்றும் முக்கியமாகத் தெரிய வேண்டும்.

---

ஓரப்பத்தி

நீங்கள் எழுதிய இரண்டு வரியையும் படித்துவிட்டு, இரவு பத்து மணிக்கு ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டவர் யாரிடம் போவார்? அந்தக் கேள்விக்கு விதியில் பதில் இருக்க வேண்டும். எது கூடாது, யாருக்கெல்லாம் பொருந்தும், யாரிடம் சொல்வது, சொன்னபிறகு என்ன நடக்கும், முடிவெடுப்பவர் யார். இந்த ஐந்தும் இல்லாத விதி வெறும் வாழ்த்துரைதான்.

"எது கூடாது" என்பதைப் பொதுவாக விடாதீர்கள். உடல், உடை பற்றிய பேச்சு, வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்வது, கேட்காமல் தொடுவது, சாதி, மதம், பால், உடல்நிலை வைத்துக் கிண்டல் செய்வது, அறைக்கதவைத் தட்டுவது, இன்னொருவரின் படைப்பையோ அதில் வந்த தனிவாழ்க்கைச் செய்தியையோ வெளியே பேசுவது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பயிற்றுநர், ஒருநாள் விருந்தினர், இடத்தின் பணியாளர், உடன் வரும் குடும்பத்தினர் எல்லோருக்கும் பொருந்தும் என்று தனி வரியாக எழுதுங்கள். பட்டறைக்காகத் தொடங்கும் வாட்ஸாப் குழுவும் இதற்குள் வர வேண்டும். தொல்லை பல சமயம் முகாம் முடிந்த மறுவாரம் அங்கேதான் தொடங்குகிறது.

புகாரைக் கேட்க இருவர் வேண்டும். இருவரும் ஒரே பாலினமாக இருக்க வேண்டாம். பயிற்றுநரை அழைத்துவந்தவரும் அவரோடு நெருங்கிய நட்பில் இருப்பவரும் பயிற்றுநர் மீதான புகாரைக் கேட்கும் நிலையில் இல்லை. உங்கள் குழுவில் நாலே பேர் என்பதால், முகாமுக்கு வராத, எந்தப் படைப்பாளியோடும் கணக்கு வழக்கு இல்லாத மூன்றாம் நபர் ஒருவரைத் தொலைபேசியில் கிடைக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். எண் விதிப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் நாள் ஒரு பயிற்றுநரை அனுப்பிவிட நேர்ந்தால் மூன்றாம் நாள் வகுப்பை யார் எடுப்பது? இதற்கு ஆள் இல்லையென்றால் அவர் மீதான எந்தப் புகாரும் "ரெண்டு நாள்தானே, சமாளிப்போம்" என்றுதான் முடியும். இன்னொரு பயிற்றுநரே எல்லோரையும் சேர்த்து நடத்தும் மாற்று அட்டவணை ஒன்றை முன்பே எழுதி வையுங்கள். பயிற்றுநருடன் போடும் ஒப்பந்தத்தில், விதியை மீறினால் பணி அன்றோடு முடியும், அதுவரை எடுத்த அமர்வுக்கு மட்டும் ஊதியம் என்ற வரி இருக்கட்டும்.

---

கால்மணி

விவாத அமர்வுக்கு முதலில் கணக்குப் போடுவோம். யார் மனம் எங்கே புண்படும் என்பது பாதிக்கு மேல் அட்டவணையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

12 பேரும் ஒரே வட்டமாக உட்கார்ந்தால் ஒரு படைப்புக்கு 11 பேர், ஆளுக்கு 3 நிமிடம், 33 நிமிடம். எழுதியவர் பதில் சொல்ல 7. ஓய்வு 10. மொத்தம் 50. பன்னிரண்டு படைப்புக்கு 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். பயிற்றுநர் பேசும் நேரத்தை இதில் இன்னும் சேர்க்கவில்லை. ஏழாவது ஆள் பேசும்போதே சொல்ல வேண்டியது தீர்ந்துபோய், மிச்சமுள்ளவர்கள் புதிதாக ஒரு குறை தேட ஆரம்பிப்பார்கள். காயப்படுத்தும் பேச்சு அங்கேதான் அதிகம் வரும்.

ஆறாறு பேராகப் பிரியுங்கள். ஐந்து பேர், ஆளுக்கு 4 நிமிடம், 20. பயிற்றுநர் 8. எழுதியவர் 7. ஓய்வு 10. ஒரு படைப்புக்கு 45 நிமிடம். காலைக்கு மூன்று படைப்பு என்றால் இரண்டேகால் மணி நேரம், இரண்டே காலையில் முடிந்துவிடும். படிக்கும் சுமையும் குறையும். ஆளுக்கு 3000 சொல் என்று வைத்தால் 33,000 சொல் படிக்க வேண்டியவர் 15,000 படித்தால் போதும். எல்லாப் படைப்பும் இரண்டு வாரம் முன்பே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். முந்தின இரவு படித்துவிட்டு வருகிறவர் கதையைப் பற்றிப் பேச மாட்டார், எழுத்துப் பிழையைத்தான் பேசுவார்.

வரிசையிலும் கவனம் வேண்டும். முதல் படைப்பு முன்வந்து கேட்டவருடையதாக இருக்கட்டும், முதல்முறை வருபவரை முதலில் போடாதீர்கள். கடைசி நாளில் எந்தப் படைப்பும் வேண்டாம். விமர்சனம் கேட்டவருக்கு அதன்பிறகு ஓர் இரவாவது அங்கே இருக்கக் கிடைக்க வேண்டும், நாலு பேரோடு பேசி ஆற அவகாசம் வேண்டும். பயிற்றுநர் எப்போதும் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் "எனக்கு இது ஓடவில்லை" என்றால், பிடித்திருந்தவர்களும் அதைச் சொல்லாமல் விழுங்கிவிடுவார்கள்.

நேரம் பார்க்க ஒரு ஆள், கண்ணில் படும்படி ஒரு கடிகாரம். பயிற்றுநரே நேரமும் பார்க்கக்கூடாது.

---

சாளரம்

கால்மணி சொன்ன கணக்கு சரி. ஆனால் எழுதியவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் முறையை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் பேச வேண்டும்.

அமெரிக்காவில் அறிபுனைவு எழுத்தாளர்கள் 1956இல் தொடங்கிய மில்ஃபோர்டு கூட்டத்திலும், அதைப் பின்பற்றி 1968இல் தொடங்கிய கிளாரியன் பட்டறையிலும் வழக்கமானது இந்த முறை. வட்டமாக ஒவ்வொருவரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் மௌனம், கடைசியில் அவர் பதில். இதில் நியாயம் இருக்கிறது. அச்சில் வந்த கதைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல முடியாது, அதனால் கதை தானாக நிற்கிறதா என்று பார்க்கிறோம். மறுத்துப் பேசும் ஆவலில் காது மூடிக்கொள்வதும் தவிர்க்கப்படுகிறது.

எங்கே உடைகிறது என்றால், அறையில் உள்ள மற்ற எல்லோரும் ஒரே மாதிரிப் பின்னணியிலிருந்து வந்து, எழுதியவர் ஒருவர் மட்டும் வேறு வாழ்க்கையிலிருந்து வரும்போது. ஒரு வட்டார வழக்குச் சொல்லையோ சடங்கையோ முதல் ஆள் தவறாகப் புரிந்துகொள்கிறார். அடுத்தவர் அதன்மேல் கட்டுகிறார். இருபது நிமிடம் கதையில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது, தெரிந்த ஒரே ஆளுக்குப் பேச உரிமை இல்லை. அந்த இருபது நிமிடத்தை அவர் மறக்க மாட்டார்.

நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய முறையைப் பாருங்கள். நான்கு படி. முதலில் வாசித்தவர்கள் தங்களுக்குப் பட்டதை, நின்றதை, வியப்பூட்டியதை மட்டும் சொல்வது. இரண்டாவது, படைத்தவர் தனக்குள்ள ஐயத்தை அவர்களிடம் கேட்பது. மூன்றாவது, அவர்கள் படைத்தவரிடம் சார்பில்லாத கேள்விகள் கேட்பது. நான்காவது, "இந்த இடத்தைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது, கேட்கிறீர்களா?" என்று அனுமதி வாங்கிக் கருத்துச் சொல்வது. வேண்டாம் என்று அவர் சொல்லலாம்.

மூன்றாவது படிதான் கடினம், அதற்குப் பயிற்சி வேண்டும். "இந்தக் கிழவர் ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறார்?" என்பது கேள்விக்குறி போட்ட கருத்து. "கிழவரைப் பற்றி வாசகர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்பது கேள்வி. முதல் நாள் மாலையில் எல்லோருக்கும் பொதுவான ஒரு பத்தியைக் கொடுத்து, கருத்தைக் கேள்வியாக மாற்றும் பயிற்சியை அரை மணி நேரம் செய்துவிட்டால் மறுநாள் காலை தடுமாற்றம் இருக்காது.

---

கால்மணி

சாளரம், அந்த முறை நல்லது, ஆனால் ஆறு பேருக்குள்ளும் ஒரு படைப்புக்கு 60 நிமிடம் பிடிக்கும். இரண்டு காலைக்குப் பதில் மூன்று ஆகும். மூன்றாவது காலை இருக்கிறது என்பதால் மைக்கூடு அதை எடுத்துக்கொள்ளலாம், காலைக்கு இரண்டு படைப்பாக.

முடியாதென்றால் நடுவழி ஒன்று. படைப்போடு அரைப்பக்கக் குறிப்பு: இது எத்தனையாவது வரைவு, எந்த மூன்று இடத்தில் உதவி வேண்டும், எதைப் பற்றிப் பேச வேண்டாம். எழுதியவர் பேசாமல் இருக்கலாம், ஆனால் வாசகர்கள் தகவலைத் தவறாகப் பிடித்துக்கொண்டால் கை தூக்கி ஒரே வாக்கியத்தில் திருத்தலாம். "அந்தச் சடங்கு சாவுக்கு, கல்யாணத்துக்கு இல்லை." அவ்வளவுதான். பேச்சு திரும்பிவிடும்.

---

மைக்கூடு

ஆறாறு பேர், மூன்று காலை, அரைப்பக்கக் குறிப்பு. எடுத்துக்கொள்கிறோம். தன்வரலாற்று எழுத்தில்தான் இன்னும் பயம் இருக்கிறது. விண்ணப்பங்களில் இழப்பு, வன்முறை பற்றிய பக்கங்கள் ஏற்கனவே வந்திருக்கின்றன.

---

நிழற்கோடு

முதலில் மொழியைத் திருத்துங்கள். தன்வரலாறு என்றாலும் விவாதத்தில் "நீங்கள் ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை?" என்று கேட்கக்கூடாது. "கதைசொல்லி அப்பாவிடம் சொல்லாமல் விடும் இடத்தில் எனக்கு ஒரு படி குறைந்தது போல இருந்தது" என்று சொல்ல வேண்டும். ஆம்ஹெர்ஸ்ட் முறை என்று அறியப்படும் பட்டறைகளில் இது அடிப்படை விதி. அங்கே அறையில் எழுதிய எதையும் புனைவாகவே எடுத்துப் பேசுவார்கள். அங்கேயே எழுதி, அங்கேயே வாசித்த பச்சை எழுத்துக்கு எது நின்றது, எது வலுவாக இருந்தது என்பது மட்டும்தான் பேச்சு. குறை சொல்வது திருத்தி எடுத்துவந்த படைப்புக்குத்தான். பயிற்றுநர்கள் இருவரும் இந்த வேறுபாட்டைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

எழுதத் தரும் பயிற்சியில் எப்போதும் இரண்டு வாசல் வையுங்கள். "உங்களை மிகவும் வலிக்கவைத்த நாளை எழுதுங்கள்" என்று ஒன்றை மட்டும் கொடுத்தால் தப்பிக்க வழியில்லை. "ஒரு கதவு சாத்தப்பட்டதைப் பற்றி எழுதுங்கள், அல்லது ஒரு கதவின் நிறத்தைப் பற்றி" என்று கொடுத்தால் வேண்டியவர் ஆழத்துக்குப் போவார், வேண்டாதவர் சாயத்தைப் பற்றி எழுதுவார், யார் எதற்காக எதை எடுத்தார் என்று வெளியே தெரியாது. வாசிக்க முறை வரும்போது "அடுத்தவர்" என்று ஒரு சொல்லில் கடந்துபோகும் உரிமை எல்லோருக்கும் உண்டு, காரணம் கேட்கக்கூடாது. பயிற்றுநரே முதல் நாள் ஒருமுறை "அடுத்தவர்" சொல்லிக் காட்டினால் மற்றவர்களுக்குக் கூச்சம் போகும்.

கனமான பயிற்சியை நண்பகல் உணவுக்கு முன் வையுங்கள். இரவு அமர்வில் வேண்டவே வேண்டாம். கிளறிவிட்டு விளக்கை அணைத்துத் தனி அறைக்கு அனுப்புவது ஆபத்து. இருபது நிமிடம் எழுதினால், வாசிப்புக்கு முன் பத்து நிமிடம் எழுந்து நடக்க விடுங்கள்.

யாராவது உடைந்துபோனால் பயிற்றுநர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "தொடரலாமா, நிறுத்தலாமா?" பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். நிறுத்தினால் வகுப்புக்குப் பத்து நிமிட இடைவேளை, ஒருங்கிணைப்பாளர் ஒருவர் மட்டும் கூடப் போவது. எல்லோரும் சூழ்ந்துகொண்டு தோளைத் தடவுவது நல்லெண்ணம்தான், ஆனால் அந்த ஆளுக்கு மூச்சு முட்டும். பயிற்றுநர் மனநல ஆலோசகர் இல்லை. "அதற்கப்புறம் என்ன ஆச்சு?" என்று தோண்டுவது வகுப்பின் வேலை இல்லை. அழைக்கக்கூடிய ஓர் ஆலோசகரின் எண், அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போக எடுக்கும் நேரம், இரண்டும் ஒருங்கிணைப்பாளர் பையில் இருக்கட்டும்.

முதல் நாளே ரகசியம் காப்பதன் எல்லையையும் சொல்லிவிடுங்கள்: அறையில் சொன்னது அறையோடு, ஆனால் ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவி கூப்பிடுவோம். பிறகு சொன்னால் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றும்.

---

சாளரம்

இப்படிப்பட்ட பக்கங்கள் வரும்போது படைப்பின் தலைப்பில் "இதில் வன்முறை உண்டு" என்று குறிப்புப் போடச் சொல்லலாமே என்று சிலருக்குத் தோன்றும். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கதையின் அதிர்ச்சி அங்கேயே போய்விடும்.

---

நிழற்கோடு

நூலாக வெளிவந்த கதைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். வாசகர் பிடிக்காவிட்டால் மூடிவைத்துவிடலாம். பட்டறையில் வாசகர் இரண்டு முறை படித்து, குறிப்பெடுத்து, எழுதியவர் முகத்தைப் பார்த்து 4 நிமிடம் பேச வேண்டும். மூடிவைக்கும் உரிமை இல்லாதவருக்கு முன்னறிவிப்புத் தருவது நியாயம். அதுவும் கதையின் திருப்பத்தைச் சொல்ல வேண்டாம், "குழந்தை மீதான வன்முறை", "தற்கொலை" என்று இரண்டு சொல் போதும். படைப்பில் போடப் பிடிக்காதவர்கள் ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகச் சொல்லலாம், அவர் வாசகர்களுக்குத் தெரிவிப்பார்.

படிக்க முடியாது என்பவர் ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும் சொன்னால் போதும். அந்தப் படைப்பை விவாதிக்கும் நேரம் அவர் வேறு வேலையில் இருப்பார். ஏன் என்று எழுதியவருக்கு விளக்கம் போகக்கூடாது, விலகியவருக்கும் கேள்வி வரக்கூடாது.

---

வெளிச்சுவர்

இவ்வளவும் வகுப்புக்குள் நடப்பது. நான் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏன்னா வில்லங்கம் பெரும்பாலும் வகுப்புக்கு வெளியேதான் நடக்குது.

அறை. உள்பக்கம் தாழ்ப்பாள் வேலை செய்யுதான்னு ஒவ்வொரு அறையிலும் நீங்களே போட்டுப் பாருங்க. மாற்றுச்சாவி யார்கிட்ட இருக்குன்னு இடத்துக்காரர்கிட்ட கேட்டு எழுதி வாங்குங்க. ஒருவருக்கு ஓர் அறை முடியலைன்னா, யாரோடு தங்க ஒப்புதல்னு விண்ணப்பத்துலேயே கேளுங்க, நீங்களா ஜோடி சேர்க்காதீங்க. அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவுல இருட்டா இருந்தா விளக்குப் போடுங்க. கைபேசி அலைவரிசை எங்கே கிடைக்குது, எங்கே கிடைக்கலைன்னு நடந்து பார்த்து வரைபடத்துல குறிச்சுடுங்க. இரவுல ஒரு வண்டியும், மது அருந்தாத ஓட்டுநர் ஒருத்தரும் எப்பவும் இருக்கணும்.

தனி ஆலோசனை. பயிற்றுநர் ஒவ்வொருத்தரோடும் தனியாப் பேசுறது பட்டறையிலேயே மதிப்பான நேரம், அதை விட்டுடாதீங்க. ஆனா ஆளுக்கு 30 நிமிடம், பெயர் போட்ட நேரப்பட்டியல் சுவரில், இடம் கூடத்தோட ஒரு மூலை அல்லது திறந்த வராந்தா. பேச்சு மத்தவங்களுக்குக் கேட்கக்கூடாது, ஆனா ரெண்டு பேரும் கண்ணுக்குத் தெரியணும். பயிற்றுநர் அறையில் எந்தச் சந்திப்பும் இல்லைன்னு விதியிலேயே எழுதுங்க. இது பயிற்றுநருக்கும் பாதுகாப்பு.

மது. தடை போடுறதும் போடாததும் உங்க முடிவு. அனுமதிச்சா மூணு விஷயம்: அதிகாரபூர்வ அமர்வு எதிலும் இல்லை, ஏற்பாட்டாளர் செலவில் இல்லை, யாரோட அறையிலும் இல்லை. மூணாவதுக்குக் காரணம் உண்டு. பயிற்றுநர் அறையில இரவு கூடுற கூட்டத்துலதான் "உங்க தொகுப்பைப் பதிப்பாளர்கிட்ட சொல்றேன்" மாதிரிப் பேச்சு நடக்குது. குடிக்காதவங்க, சீக்கிரம் தூங்குறவங்க, அந்த அறைக்குப் போகப் பயப்படுற பெண்கள், எல்லாருக்கும் அந்த வாய்ப்பு போகுது. போறவங்களுக்கும் வேண்டாம்னு சொல்ற தைரியம் குறையுது, ஏன்னா எதிரே இருக்கிறவர் கையில அவங்க நூல் இருக்கு. பதிப்பு, இதழ், பரிந்துரை பத்தின பேச்சுக்குப் பகல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கி எல்லாருக்கும் பொதுவா வச்சிடுங்க. இரவுக் கூட்டத்தோட கவர்ச்சி பாதி குறைஞ்சிடும்.

---

பெரியஎழுத்து

விண்ணப்பத்தில் "உடல் குறைபாடு ஏதேனும் உண்டா?" என்று கேட்டால் பலரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள். "நீங்கள் முழுமையாகப் பங்கெடுக்க எங்களிடமிருந்து என்ன தேவை?" என்று கேளுங்கள். காது சரியாகக் கேட்காதவர், இரண்டு மணிக்கொருமுறை மருந்து எடுப்பவர், கூட்டத்தில் சோர்ந்துபோகிறவர் எல்லோரும் அதற்குப் பதில் எழுதுவார்கள். ஒவ்வாமையையும் அங்கேயே கேளுங்கள்.

அறிவிப்பில் இடத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "எல்லோருக்கும் வசதியான இடம்" என்பது யாருக்கும் பயன்படாது. "நுழைவாயிலில் இரண்டு படி, கூடம் தரைத்தளம், அறைகளில் நான்கு தரைத்தளத்தில், மற்றவை மாடியில், மின்தூக்கி இல்லை" என்று எழுதினால் வரலாமா வேண்டாமா என்று அவரே முடிவெடுப்பார். சக்கர நாற்காலிக்குக் கதவின் திறப்பு குறைந்தது 80 சென்டிமீட்டர் வேண்டும், கழிப்பறைக் கதவையும் அளந்து பாருங்கள், அதைத்தான் மறப்பார்கள். சாய்தளத்துக்கு உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்பது கணக்கு. 15 சென்டிமீட்டரில் இரண்டு படி என்றால் 30 சென்டிமீட்டர் உயரம், 3.6 மீட்டர் நீளச் சாய்தளம். ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டால் ஆகாது.

படைப்புகளை யூனிகோடு எழுத்தில், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததையும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியதையும், பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பு மென்பொருள் சரியாகப் படிக்காது. அச்சுப்படி வேண்டுவோருக்கு 18 புள்ளி அளவில் சில படிகள். வாசிப்பில் ஒலிவாங்கி இருந்தால் எல்லோரும் பயன்படுத்த வேண்டும். "என் குரல் எல்லோருக்கும் கேட்கும்" என்று ஒருவர் தள்ளிவைத்தால், கேட்காதவர் எழுந்து "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்ல வேண்டிய நிலை வரும், பெரும்பாலும் சொல்ல மாட்டார்.

பேச்சே இல்லாத ஓர் அறையும் வேண்டும். கதவில் எழுதி ஒட்டினால் போதும்.

---

நடுப்பக்கம்

பாதுகாப்பு பற்றி நிறைய வந்துவிட்டது. வரவேற்பு பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், தனியாக வருபவருக்கு முதல் மூன்று மணி நேரம்தான் மிகவும் கடினமானது.

இரண்டு வாரம் முன்பு ஒரு கடிதம். எத்தனை மணிக்கு வரலாம், வாசலில் யார் நிற்பார், முதல் மாலை என்ன நடக்கும், எதைக் கொண்டுவர வேண்டும், எந்தப் பெயரில் அழைக்கப்பட விரும்புகிறார்கள். எல்லோரும் இருட்டுவதற்கு முன் வந்து சேரும்படி நேரம் வையுங்கள். வரும் நேரம் மூன்று முதல் ஐந்து என்றால் அந்த இரண்டு மணி நேரமும் ஒருவர் வாசலை விட்டு நகரக்கூடாது.

அறிமுகத்தில் "இதுவரை என்ன வெளியிட்டிருக்கிறீர்கள்" வேண்டாம். அந்தக் கேள்வி ஐந்தே நிமிடத்தில் அறையை இரண்டாகப் பிரித்துவிடும். "இப்போது எழுதுவதில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?" என்று கேட்டால் நூல் வெளியிட்டவரும் வெளியிடாதவரும் ஒரே மாதிரிப் பதில் சொல்வார்கள். உணவு வேளையில் ஏற்பாட்டாளர்களும் பயிற்றுநர்களும் ஒரே மேசையில் உட்காராமல் பிரிந்து உட்காருங்கள்.

உதவித்தொகையில் வருபவர் யார் என்று பணம் பார்க்கும் ஒருவருக்கு மேல் தெரிய வேண்டியதில்லை. பெயர் அட்டையில் வேறுபாடு, நாற்காலி அடுக்கும் வேலை, மேடையில் நன்றி சொல்ல வைப்பது எதுவும் கூடாது.

பிற்பகல் எழுதும் நேரத்தைக் காப்பாற்றுங்கள். 1907இல் அமெரிக்காவில் தொடங்கிய மக்டவல் கலைஞர் உறைவிடத்தில் நண்பகல் உணவைக் கூடையில் கொண்டுவந்து எழுதுபவரின் குடில் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், யாரும் உள்ளே வந்து தொந்தரவு செய்வதில்லை. உங்களுக்குக் குடிலும் கூடையும் வேண்டாம், தொடர்ந்து மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும். "சும்மா ஒரு அறிவிப்பு" என்று நடுவில் மணி அடிக்காதீர்கள்.

படம் எடுப்பதற்கு ஒப்புதலைக் கழுத்துப் பட்டையின் நிறத்தில் காட்டலாம், ஒரு நிறம் எடுக்கலாம், இன்னொரு நிறம் வேண்டாம். வாசிப்பை ஒலிப்பதிவு செய்வதற்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். படத்துக்குச் சரி என்றவர் ஒலிக்குச் சரி என்று சொல்லிவிடவில்லை.

---

மைக்கூடு

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். புகார் வந்த முதல் ஒரு மணி நேரம் பற்றி மட்டும் இன்னும் விரிவாக வேண்டும். இரண்டாம் நாள் இரவு ஒரு பங்கேற்பாளர் வந்து, இன்னொரு பங்கேற்பாளர் விடாமல் பின்தொடர்கிறார், நேற்று கையைப் பிடித்தார் என்று சொல்கிறார். என்ன செய்வது, எந்த வரிசையில்?

---

ஓரப்பத்தி

1. கதவு சாத்தக்கூடிய, மற்றவர் வராத இடத்தில் உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். "நன்றி, சொன்னதற்கு. கேட்கிறேன்." அவ்வளவு போதும். "அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லையே", "தெரிந்துதான் செய்தாரா?" இரண்டும் கூடாது.

2. அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே நேரம், இடத்தோடு எழுதுங்கள். வாசித்துக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து சொல்லவைக்காமல் இருக்கத்தான் இது.

3. இன்று இரவு என்ன வேண்டும் என்று கேளுங்கள். துணைக்கு ஆள், வேறு அறை, வீட்டுக்குப் போக வண்டி. அறை மாற வேண்டியவர் புகாருக்கு உள்ளானவர்தான், புகார் சொன்னவர் தானே மாற விரும்பினால் மட்டும் அவர். காவல்துறைக்கோ மருத்துவரிடமோ போக விரும்பினால் கூட யார் வருவார், எந்த வண்டி என்று அந்த நேரத்திலேயே சொல்லுங்கள். போ என்றும் போகாதே என்றும் தள்ளாதீர்கள்.

4. யாருக்கெல்லாம் தெரியலாம் என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல் பேசினாலும் 12 பேர் உள்ள இடத்தில் புகாருக்கு உள்ளானவர் யூகித்துவிடுவார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

5. காலை அமர்வுக்கு முன், இரண்டு ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து புகாருக்கு உள்ளானவரிடம் தனியாகப் பேசுங்கள். குற்றச்சாட்டைச் சொல்லி, அவர் பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை அவர் அமர்வுக்கு வரக்கூடாது. இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்துச் "சமாதானம்" பேசாதீர்கள். அதில் புகார் சொன்னவர் மன்னித்துவிட்டேன் என்று சொல்லியே ஆக வேண்டிய நெருக்கடிக்கு ஆளாவார்.

6. 24 மணி நேரத்துக்குள் முடிவு. ஒருமுறை சொன்ன தகாத பேச்சு, உடனே ஒப்புக்கொண்டார் என்றால் எழுத்தில் எச்சரிக்கை போதுமானதாக இருக்கலாம். நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டில் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார், தொட்டிருக்கிறார். புகார் சொன்னவரின் பேச்சு நம்பத்தகுந்தது என்று ஒருங்கிணைப்பாளர் இருவரும் முடிவுக்கு வந்தால் அன்றே அனுப்ப வேண்டியதுதான். நீதிமன்றத்துக்கான சான்று இதற்குத் தேவையில்லை, யார் தொடர்ந்து தங்கலாம் என்பதைத்தான் முடிவு செய்கிறீர்கள். கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பது விண்ணப்பத்திலேயே இருந்தால் வாசலில் வாக்குவாதம் வராது.

7. மற்றவர்களுக்கு ஒரே வாக்கியம்: "ஒருவர் இனி பங்கேற்க மாட்டார், இது நடத்தை விதியின்படி எடுத்த முடிவு, விவரம் பேச மாட்டோம்." வாட்ஸாப் குழுவிலிருந்தும் அவரை அப்போதே நீக்குங்கள்.

8. இரண்டு வாரம் கழித்துப் புகார் சொன்னவரைத் தொடர்புகொள்ளுங்கள். எழுதிய குறிப்பு இரண்டு பேருக்கு மேல் திறக்க முடியாத இடத்தில் இருக்கட்டும்.

---

நிழற்கோடு

கூடுதலாக ஒன்று. விமர்சனத்தில் புண்பட்டது எல்லாம் இந்த வழியில் போகக்கூடாது. அது பயிற்றுநர் அந்த நொடியே கையாள வேண்டியது. "இந்த மாதிரி ஆட்கள் எழுத வந்தால் இப்படித்தான்" என்று ஒருவர் ஆரம்பித்தால், வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். "எழுதியவரை விட்டுவிடுவோம். எந்தப் பத்தி, எந்த வரி என்று காட்டுங்கள்." குரல் உயர்த்தாமல் சொன்னால் போதும். முதல் நாள் விட்டுவிட்டால் மூன்றாம் நாள் எல்லோரும் அப்படிப் பேசுவார்கள், பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள்.

---

பெரியஎழுத்து

கோப்புகள் பற்றி ஒரு வரி. படைப்பின் உரிமை எழுதியவருடையது, முகாம் முடிந்து ஒரு மாதத்துக்குள் எல்லோரும் மற்றவர் கோப்புகளை அழிக்க வேண்டும், எழுதியவர் ஒப்புதல் இல்லாமல் எந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிலும் பதிவேற்றக்கூடாது. சுருக்கம் எடுக்கிறேன் என்று நல்லெண்ணத்தோடே இதைச் செய்துவிடுகிறார்கள், அதனால் வெளிப்படையாக எழுதுங்கள்.

---

மைக்கூடு

கடைசியாக ஒன்று. விண்ணப்பித்தவர்களில் ஒருவருக்கு வயது 17. எழுத்து மிக நன்றாக இருக்கிறது. சேர்க்கலாமா?

---

வெளிச்சுவர்

தங்கும் முகாமில் வேண்டாம், இந்த முறை. 18 வயசுக்குக் கீழே ஒருத்தர் வந்தா பெற்றோர் ஒப்புதல், தனி அறை, பொறுப்பா ஒரு பெரியவர், மது முழுசா இல்லாத இடம், பயிற்றுநர் தனிச் செய்தி அனுப்பக்கூடாதுங்கிற விதி, புகார் வந்தா சட்டப்படி உடனே தெரிவிக்கிற கடமை, எல்லாமே மாறும். உங்க நாலு பேரால அதைத் தாங்க முடியாது. பெரியவங்களும் தங்கள் கனமான பக்கங்களை அவர் முன்னாடி வாசிக்கத் தயங்குவாங்க.

ஆனா வெறும் "வயது போதாது"ன்னு பதில் அனுப்பாதீங்க. படைப்பைப் பத்தி ரெண்டு பத்தி எழுதி, 18 ஆனதும் அவருக்கு அடுத்த முகாம்ல ஓர் இடம் உண்டுன்னு தேதியோட எழுதுங்க. அந்தக் கடிதத்தைப் பெற்றோருக்கும் ஒரு படி அனுப்பிடுங்க.